இரண்டு க்ளிக் பின்னால்



போன திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் எங்கள் மெய்ப்புத் திருத்தும் அக்கா மூக்கைச் சுளித்தார். "என்ன சார், நேத்து எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சீங்களா? விளக்கெண்ணெய் வாசனை தூக்குது."

தலைக்கு எண்ணெய் வைத்து எனக்குப் பத்து வருடம் ஆகிறது. வைக்க இடமும் குறைந்துவிட்டது. வாசனை வந்தது என் தோள்பையிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை எஞ்சினைத் துடைத்த பழைய பனியன் துணியை அதற்குள்ளேயே சுருட்டி வைத்து மறந்திருந்தேன். என்ன எஞ்சின் என்று கேட்டார், சொன்னேன். "ஓ, பொம்மை ஏரோப்ளேனா" என்றபடி அடுத்த ப்ரூஃபை இழுத்துக்கொண்டார். அந்தப் 'பொம்மை' அன்று முழுக்க என் காதில் கிடந்தது.

இதற்கிடையில் உங்கள் கடிதங்கள். சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில், இடம் நிரப்புவதற்காக, ஏரித் தரையில் நிற்கும், ரேடியோவால் இயக்கும் ஒரு ஆர்.சி. விமானத்தின் சின்னப் படம் போட்டிருந்தோம். அட்டைப்படக் கட்டுரைக்கு வந்ததைவிட அந்தத் தபால்தலை அளவுப் படத்துக்கு வந்த கடிதங்கள் அதிகம். (கட்டுரையாளரிடம் இதை நான் சொல்லவில்லை. இங்கே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.) இது ட்ரோனா என்று பலர். எவ்வளவு செலவாகும் என்று அதைவிடப் பலர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், இந்த வயதில் கற்றுக்கொள்ள முடியுமா என்று நாலு பக்கம் எழுதி, கடைசி வரியில் 'வீட்டில் தெரியாது' என்று முடித்திருக்கிறார். விருதுநகர்ப் பக்கத்துத் தாய் ஒருவர், மகன் ராப்பகலாகத் தெர்மோகோலை வெட்டிக் குவிக்கிறான், இது எங்கே போய் முடியும் என்று கவலைப்படுகிறார்.

எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும், அம்மா. செங்கல்பட்டைத் தாண்டி ஒரு ஏரிக்குள்.

கல்லூரி நாட்களில் நான் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தேன். அந்தப் பிரிவில் விமான மாதிரி செய்வதும் பறக்கவிடுவதும் பாடத்தின் ஒரு பகுதி, இன்றைக்கும் அப்படித்தான். அன்று எங்கள் கைக்குக் கிடைத்தது ரேடியோ இல்லை, கம்பி. விமானத்தை இரண்டு மெல்லிய கம்பிகளில் கட்டி, நடுவில் நின்றுகொண்டு செக்குமாடு போல நாமும் சுற்ற வேண்டும். அதில் இருந்தது சின்ன டீசல் எஞ்சின். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருள். மூன்றாவது சுற்றில் தலை சுற்றும், ஐந்தாவதில் வானம் சுற்றும். எனக்குப் பிடித்திருந்தது. பிறகு வேலை, கல்யாணம், இந்தப் பத்திரிகை. முப்பது வருடம் அண்ணாந்து பார்க்க நேரமில்லாமல் போயிற்று.

மறுபடி இழுத்துவிட்டவர் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். என் வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட மிச்சமிருப்பவர்கள் சிலர்தான் என்பதால், அதற்காகவே கூட நான் அவர் வீட்டு மொட்டை மாடிக்குப் போகத் தொடங்கியிருக்கலாம். மாடியில் தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு பட்டறை. உத்தரத்தில் ஏழெட்டு விமானங்கள் வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கும்.

ஏரியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே கூட்டம் சேரும், ஊர்க்காரர்கள் எங்களையும் சேர்த்துத் துரத்துவார்கள். பங்குனிக் கடைசியில் தண்ணீர் வற்றினால் ஐப்பசி மழை வரை அதுதான் எங்கள் ஓடுதளம். வெடித்த களிமண்ணில் அறுபதடி நீளத்துக்குச் செதுக்கிச் சமன் செய்து வைத்திருக்கிறோம். காலை ஆறு மணிக்குக் காற்று படுத்திருக்கும். ஒன்பதுக்கு மேல் எழுந்துவிடும், நாங்கள் மூட்டை கட்டிவிடுவோம். பார்வையாளர்கள்: ஆடு மேய்க்கும் ஒரு தாத்தா, நாலைந்து பையன்கள், கொக்குகள். தாத்தா ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வி கேட்பார். "இது எவ்வளவு கனம் தூக்கும்?" ஒன்றும் தூக்காது என்று சொன்னால் ஏமாந்த முகத்தோடு ஆட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

இந்தப் பொழுதுபோக்கில் பறப்பது மிகச் சிறிய பகுதி. என் விமானத்தின் டாங்க் 300 மில்லி. அது பத்து நிமிடம் சொச்சம் வரும். அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் வாரம் முழுக்க மாலை வேளைகள் போயிருக்கும். அதில் பாதிக்கு மேல் போவது, பறக்கிறவர்கள் ட்யூனிங் என்று சொல்லும் வேலையில். எனக்கு இதில் மிகவும் பிடித்ததும் அதுதான்.

என் விமானத்தில் இருக்கும் எஞ்சினுக்கு க்ளோ எஞ்சின் என்று பெயர். என்னுடையது நாற்பத்தாறு, அதாவது 0.46 கன அங்குலம், 7.5 சிசி. உள்ளங்கைக்குள் அடங்கும். இதில் மோட்டார் சைக்கிளில் இருப்பது போலப் பொறி விடும் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிளக்கின் நுனியில் பிளாட்டினம் கலந்த ஒரு சுருள் கம்பி. கிளப்பும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் பேட்டரியைக் கவ்வி அதைப் பழுக்க வைக்கிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தில் படும்போது நடக்கும் வேதிவினையும், எரிதலின் சூடும் சேர்ந்து கம்பியை அணையவிடாமல் காக்கின்றன. 1947 வாக்கில் அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் இந்த பிளக்கைக் கடைக்குக் கொண்டுவந்தார். அதுவரை எஞ்சின் வைத்த மாதிரி விமானங்கள் பலவும் பேட்டரி, காயில், கண்டென்சர் என்று ஒரு மூட்டையைச் சுமந்து பறந்தன. அந்தக் கனத்தை ஒரு சுருள் கம்பி இறக்கி வைத்தது.

எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால், கொஞ்சம் நைட்ரோமீத்தேன், ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு எண்ணெய். அந்த எண்ணெயில்தான் நம் விளக்கெண்ணெய் வருகிறது. மெத்தனாலில் அது நன்றாகக் கலக்கும். மற்ற எண்ணெய்கள் கருகிப் பிரியும் சூட்டிலும் உலோகத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். முதல் உலகப் போரில் சோப்வித் கேமல் போன்ற சண்டை விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கும் இதே விளக்கெண்ணெய்தான். காஸ்ட்ரால் என்ற பெயரே 'காஸ்டர்' எண்ணெயிலிருந்து வந்தது. நம் வீடுகளிலோ அது பேதிக்குக் கொடுப்பது, மந்தபுத்திக்காரரைத் திட்டுவது என்ற இரண்டு வேலைகளோடு நின்றுவிட்டது. 'சரியான விளக்கெண்ணெய்' என்று யாராவது என்னைச் சொன்னால் இப்போதெல்லாம் பாராட்டாக எடுத்துக்கொள்கிறேன்.

மெத்தனாலைப் பற்றி விளையாட்டாக எழுத முடியாது. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற கள்ளச்சாராயத்தில் இருந்தது இதுதான். அதை வாங்க, வைக்க, விற்க இங்கே கட்டுப்பாடு உண்டு, இருக்கவும் வேண்டும். பகல் வெளிச்சத்தில் அது எரியும் சுடர் கண்ணுக்கே தெரியாது என்பது இன்னொரு ஆபத்து. இந்தத் தொல்லைகளால்தான் எங்களோடு வரும் இளைஞர்கள் அத்தனை பேரும் பேட்டரி மோட்டாருக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் செய்வது புத்திசாலித்தனம். நானும் அண்ணனும் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கிறோம்.

சரி, ட்யூனிங்குக்கு வருகிறேன்.

கார்புரேட்டரில் ஒரு ஊசித் திருகு உண்டு, நீடில். அதை உள்ளே திருகினால் எரிபொருள் குறையும், வெளியே திருகினால் கூடும். சுற்றும்போது ஒரு வில்தகடு பல்லில் விழுந்து 'க்ளிக்' என்று விரலுக்குத் தெரியும். புத்தகங்கள் ரிச், லீன் என்கின்றன. அண்ணன் மொழியில் ஒன்று 'வயிறு நிறைஞ்சு ஓடுது', மற்றது 'பட்டினியா ஓடுது'. வயிறு நிறைந்த எஞ்சின் பொதபொதவென்று, புகை கக்கிக்கொண்டு, கனத்த குரலில் ஓடும். ஒவ்வொரு க்ளிக்காக உள்ளே போகப் போகக் குரல் மெலிந்து உயரும். ஓரிடத்தில் பொதபொதப்பு சட்டென்று அறுந்து, ஒரே கம்பியாக நீண்ட ஓலம் வரும். இன்னும் ஒரு க்ளிக். இன்னும் கொஞ்சம் உயரும். நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவில் புரொப்பெல்லர் மறைந்து வெறும் வட்டமாக நிற்கும். கேட்பதற்கு அவ்வளவு அழகாக இருக்கும். புதிதாக வருகிற எல்லாரும் அங்கேயே கையை எடுத்துவிடுவார்கள். நானும் எடுத்தேன்.

அண்ணன் என்னை நகரச் சொல்லிவிட்டு, விமானத்துக்குப் பின்பக்கமாகக் குனிந்தார். டாங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சிலிக்கான் குழாயை இரண்டு விரலால் ஒரு கணம் நசுக்கி விட்டார். எஞ்சின் குரல் கொஞ்சமும் ஏறாமல் அப்படியே தொய்ந்தது.

"கேட்டியா? குழாயைப் பிடிச்சா ஒரு நிமிஷம் ஏறி அப்புறம் இறங்கணும். இது ஏறவே இல்ல. கைல இருக்கறதை எல்லாம் செலவழிச்சுட்டு நிக்குது."

இரண்டு க்ளிக் வெளியே திருகினார். ஓலம் ஒரு இழை கனத்தது. மறுபடி குழாயை நசுக்கினார். ஏறி, இறங்கியது. அப்புறம் விமானத்தைத் தூக்கி மூக்கை வானத்தைப் பார்க்க நிமிர்த்தினார். குரல் அசையவில்லை.

"இப்ப போ."

தரையில் அழகாகப் பாடிய எஞ்சின் ஏன் வானத்தில் நின்றுபோகும் என்பதற்குக் காரணங்கள் உண்டு. பறக்கத் தொடங்கியதும் புரொப்பெல்லரின் சுமை குறைந்து சுற்று கூடும், எஞ்சின் இன்னும் கேட்கும். மூக்கு மேலே போனால் டாங்க் தாழ்ந்துவிடும், எரிபொருள் ஏறி வர வேண்டும். டாங்க் காலியாகக் காலியாக அழுத்தமும் குறையும். மூன்றும் சேர்ந்து, தரையில் உச்சத்தில் வைத்த எஞ்சினைப் பட்டினிக்குத் தள்ளும். எண்ணெயும் எரிபொருளோடுதான் வருகிறது என்பதால் பட்டினி கிடக்கும் எஞ்சினுக்கு உயவும் குறைகிறது. சூடேறி, பிஸ்டன் தேய்ந்து, வானத்தில் ஓசையில்லாமல் நிற்கும். எங்கள் பாஷையில் டெட்ஸ்டிக். அப்போது ஏரிக்குள் ஒரு அமைதி வரும் பாருங்கள், கொக்கு கூடத் திரும்பிப் பார்க்கும்.

எங்கள் உதவி ஆசிரியர் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு, 'இரண்டு க்ளிக் பின்னால் வை' என்பதை வாழ்க்கைக்குப் பொருத்தி நாலு வரி சேர்க்கலாமே என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஊசித் திருகு ஊசித் திருகாகவே இருக்கட்டும்.

விரலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விருதுநகர் அம்மா என்னை மன்னிக்கமாட்டார். இரண்டு வருடத்துக்கு முன் ஓடும் எஞ்சினில் முன்பக்கமாகக் கையை நீட்டி நீடிலைத் திருகினேன். வலது சுட்டுவிரலில் ஐந்து தையல். அந்த இதழின் ஆசிரியர் பக்கத்தை ஒரு விரல் குறைவாகத் தட்டச்சு செய்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது தனி வருத்தம். எப்போதும் பின்னால் நின்றே திருக வேண்டும். கிளப்பும்போது விரலுக்குப் பதில் ரப்பர் உறை போட்ட கட்டை. வேடிக்கை பார்க்கும் பையன்கள் புரொப்பெல்லரின் நேர்கோட்டில் நிற்கக் கூடாது. இதில் அண்ணன் தாட்சண்யம் பார்க்கமாட்டார், ஊர்த் தலைவரையே நகரச் சொல்லியிருக்கிறார்.

எஞ்சின் ஒரு பாதி என்றால் விமானத்தைச் சமன் செய்வது மறுபாதி. இறக்கையின் அகலத்தில் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலால் தாங்கினால் தராசு முள் போல நிற்க வேண்டும். மூக்கு கனத்த விமானம் மோசமாகப் பறக்கும், வால் கனத்த விமானம் ஒரே ஒரு தடவை பறக்கும் என்பது உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் சொல்வது. எடை போதாவிட்டால் நாங்கள் மூக்குக்குள் வைப்பது மீன்வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு. காசிமேட்டில் வாங்குகிறோம். கடைக்காரர் எங்களை இன்னும் மீன்பிடிக்கிறவர்கள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு டிரிம். முதல் தடவை ஏற்றிய விமானம் எதுவும் நேராகப் போகாது. ஒன்று இடப்பக்கம் சாயும், ஒன்று மூக்கைத் தூக்கும். எஞ்சின் சுற்றும் முறுக்குக்கு எதிராக உடலே இடது பக்கம் இழுக்கும் என்பதால் எஞ்சினையே இரண்டு மூன்று டிகிரி வலப்புறம் திருப்பி, வாஷர் வைத்து முடுக்குவதும் உண்டு. ரேடியோவில் குச்சிகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன பொத்தான்கள் இருக்கின்றன. ஒரு தட்டு, அரை மில்லிமீட்டர். தட்டிப் பார்த்து, காத்திருந்து, மறுபடி தட்ட வேண்டும். எனக்குப் பாடம் நடந்த மூன்றாவது வாரம், பாதி த்ராட்டிலில் விமானம் எங்கள் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தபோது அண்ணன் திடீரென்று சொன்னார்: "கையை எடு."

எடுத்தால் விழுந்துவிடாதா?

"எடுன்னா எடு."

எடுத்தேன். விமானம் போய்க்கொண்டே இருந்தது. சாயவில்லை, ஏறவில்லை, இறங்கவில்லை. பனைமரங்களின் தலைக்கு மேல், எங்கள் இருவரையும் மறந்துவிட்டது போல, தன் பாட்டுக்குப் போயிற்று. நான் பத்திரிகை நடத்துகிறவன். கையை எடுத்தால் ஓடுகிற எதையும் அதற்கு முன் பார்த்ததில்லை.

கற்றுக்கொள்பவர்களைக் கவிழ்ப்பது வேறொன்று. விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது வலது வலதுதான். நம்மை நோக்கித் திரும்பி வரும்போது அதன் வலது நமக்கு இடதாகிவிடும். கண் ஒன்று சொல்லும், கை ஒன்று செய்யும். இதற்கு அண்ணன் கொடுத்த வழி ஒரே வரி. "எந்த இறக்கை தாழுதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு. முட்டுக்கொடுக்கிற மாதிரி." சாயும் பந்தலுக்கு முட்டுக்கொடுப்பது நமக்கு ரத்தத்திலேயே இருக்கிறது போலும், ஒரே வாரத்தில் பிடிபட்டது.

அதற்காக நான் தேறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். போன வருடம் பழுதான ஒரு சர்வோவை, அதாவது இறக்கைத் தகடுகளை அசைக்கும் சின்ன மோட்டாரை, மாற்றினேன். புதியது எதிர்ப்பக்கம் சுழலும் வகை. குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் ஐலரான் என்ற அசையும் தகடு மேலே எழ வேண்டும் என்று, ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். அன்று தலையங்கம் முடியாத அவசரம், பார்க்கவில்லை. விமானம் எழுந்தது, இடது இறக்கை லேசாகத் தாழ்ந்தது, வலது கொடுத்தேன், இன்னும் தாழ்ந்தது, இன்னும் கொடுத்தேன். எல்லாம் நாலு விநாடி. நான்கு மாதம் ஒட்டிய பால்சா மரம், அப்பளம் நொறுங்குவதைவிடக் கொஞ்சம் கூடுதல் சத்தம்.

அண்ணன் திட்டவில்லை. ஓடிப்போய் முதலில் எஞ்சினைக் கையில் எடுத்தார். "உள்ள மண்ணு போயிருக்கும். கையால சுத்திப் பார்த்துடாத, சிலிண்டர்ல கோடு விழுந்துடும். வீட்டுக்குப் போய்க் கழுவிக்கலாம்." பையன்கள் துண்டுகளைப் பொறுக்கி அரிசிச் சாக்கில் போட்டுக் கொடுத்தார்கள். ஆட்டுக்காரத் தாத்தா மட்டும் அன்று கேள்வி கேட்கவில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் என்றதும் மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2003 ஆகஸ்டில் அவருடைய குழு கனடாவின் நியூஃபவுண்ட்லேண்டிலிருந்து ஒரு மாதிரி விமானத்தை அட்லாண்டிக் கடலுக்கு மேல் அனுப்பியது. பால்சா மரத்தாலும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தாலும் ஆனது. எரிபொருளோடு சேர்த்து மொத்த எடை ஐந்து கிலோவுக்குள், அதில் ஏறக்குறையப் பாதி எரிபொருள். எஞ்சின் 10 சிசி. ரேடியோவால் ஏற்றி, பிறகு தானியங்கிக் கருவியிடம் விட்டார்கள். அதற்கு முன் அனுப்பியவை எதுவும் கரை சேர்ந்ததில்லை. இது 38 மணி 52 நிமிடம் பறந்து, 3,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, அயர்லாந்தில் கிளிஃப்டன் ஊருக்குப் பக்கத்தில் இறங்கியது. 1919-இல் ஆல்காக்கும் பிரவுனும் முதன்முதலாக நிற்காமல் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து விழுந்ததும் அதே வட்டாரத்தில்தான்.

நான் சொல்ல வந்தது தூரத்தை இல்லை. அப்போது ஹில்லுக்கு 77 வயது. பார்வை ஏறக்குறையப் போய்விட்டது, காதும் சரியாகக் கேட்காது. எங்கள் ஏரிக்கரையில் பத்து நிமிடத்தில் 300 மில்லியைக் குடித்துத் தீர்ப்பதைப் போல அதுவும் ஒரு சின்ன மாதிரி விமான எஞ்சின்தான். அதை இரண்டரைக் கிலோவுக்கும் குறைந்த எரிபொருளில் ஒன்றரை நாள் ஓட வைக்க எத்தனை ராத்திரி கார்புரேட்டரோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். வங்கி நண்பரே, உங்கள் நாலு பக்கக் கடிதத்துக்கு என் பதில் இதுதான். வீட்டில் சொல்லிவிடுங்கள். எண்ணெய் வாசனை எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. ட்ரோனா என்றால், சட்டத்தின் கண்ணுக்கு இதுவும் அந்தக் குடும்பம்தான். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளில் மாதிரி விமானத்துக்குத் தனி விளக்கமே இருக்கிறது: 25 கிலோவுக்கு மிகாதது, படிப்புக்கோ ஆராய்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ மட்டும், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் பறப்பது. எங்கே பறக்கலாம் என்பதற்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடம் உண்டு. பச்சையில் 120 மீட்டர் உயரம் வரை. விமான நிலையத்துக்கு அருகில் இருப்பவர்கள் வரைபடத்தைப் பார்க்காமல் பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம். நாங்கள் மீனம்பாக்கத்தையும் தாம்பரத்தையும் விட்டு இவ்வளவு தூரம் போவது அதனால்தான்.

செலவு: உங்கள் சக்திக்கு ஏற்றபடி, பிறகு அதற்கு மேலும். எஞ்சினில் தொடங்காதீர்கள். பேட்டரியில் ஓடும், இறக்கை உடலுக்கு மேலே இருக்கும் ஃபோம் டிரெய்னரில் தொடங்குங்கள், ஒடிந்தால் ஒட்டலாம். லித்தியம் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஓட்டத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் முதல் தடவை ஏற்றாதீர்கள். முன்பெல்லாம் மைதானத்தில் ஒரு பலகை வைத்து, எந்த அலைவரிசையை யார் பயன்படுத்துகிறார் என்று துணி கிளிப் மாட்டி வைப்பார்களாம். இருவர் ஒரே அலைவரிசையில் ரேடியோவைப் போட்டால் ஒரு விமானம் காலி. 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. அண்ணன் அந்தப் பலகையை இன்னும் வைத்திருக்கிறார். இப்போது அதில் அவர் வீட்டுக் கரண்ட் பில் தொங்குகிறது.

விருதுநகர் அம்மாவுக்கு மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக. 1937-இல் அமெரிக்காவில் கலமசூ என்ற ஊரில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர்கள் எட்டடி இறக்கை உள்ள ஒரு விமானத்தை ரேடியோவால் பறக்கவிட்டார்கள். ரேடியோவில் பறந்து வெற்றி கண்ட முதல் மாதிரி விமானங்களில் ஒன்று அது. 'கஃப்' என்று பெயர். இன்று அது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அவர்கள் வீட்டுக் கூடமும் அன்று உங்கள் வீட்டுக் கூடம் மாதிரித்தான் கிடந்திருக்கும். மகனிடம் தெர்மோகோல் துகளைப் பெருக்கச் சொல்லுங்கள், வெட்டுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். துகளைப் பெருக்காவிட்டால் என்ன செய்வது என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வார், அவரிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது.

இதை எழுதும்போது என் மேஜையில், அடுத்த இதழின் பக்கங்களுக்கு நடுவில், ஒட்டிய இறக்கை ஒன்று காய்ந்துகொண்டிருக்கிறது. வீட்டில் இடமில்லை என்று சொல்லி அலுவலகத்துக்குக் கொண்டுவந்தேன். அரால்டைட் நன்றாகப் பிடிக்க ஒரு நாள் ஆகும். அது வரை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் பாரம் வைக்க வேண்டும். இடப்பக்கத்துக்குத் தமிழ் அகராதி சரியாக இருந்தது. வலப்பக்கத்துக்கு என்ன வைப்பது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது, மெய்ப்புத் திருத்தும் அக்கா எதுவும் சொல்லாமல் போன வருடத்துக் கட்டு இதழ்களைக் கொண்டுவந்து இறக்கையின் மேல் வைத்தார். கொஞ்சம் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கு சார்" என்றார்.

உண்மைதான். ஒரு நூல் தாழ்ந்திருந்தது.

அன்புடன்,
ஆசிரியர்